முன் ஷாக் கல்லாக இருக்கிறதா? ஆயிரம் ரூபாயில் எதைச் செய்யலாம், எதை விடலாம்

பெங்களூரில் 150 சிசி பைக் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால், மைலேஜுக்கு அடுத்த புலம்பல் முன் ஷாக் பற்றியதுதான். "கல்லு மாதிரி இருக்குப்பா" என்று ஒருவர் ஆரம்பித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். காற்றைக் குறை, ஆயிலை மாத்து, வாஷர் போடு, ஸ்ப்ரிங் மாத்து, வால்வு போடு, வேற வண்டி ஃபோர்க்கையே தூக்கி மாட்டு. செலவு ஒன்றுமில்லாததிலிருந்து இருபதாயிரம் வரை போகும். கையில் இருப்பது ஆயிரம், மிஞ்சிப்போனால் இரண்டாயிரம் என்றால் இவற்றில் எதை எடுப்பது? பல்சர், அப்பாச்சி, யூனிகார்ன், ஸ்ப்ளெண்டர் வகையில் இருக்கும் சாதாரண ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் முன் ஷாக் கால்களை வைத்தே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் கையைக் குத்துவதற்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஃபோர்க் அசைய மறுத்து, குழியின் அடியை அப்படியே கைக்கு அனுப்புவது ஒன்று. அளவுக்கு மீறி அசைந்து அடிமட்டத்தில் போய் 'டக்' என்று இடிப்பது மற்றொன்று. வலி ஒன்றுதான், மருந்து வேறு. முதல் வகைக்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் வண்டி இன்னும் மோசமாகும். பாதிப் பேர் காசை விடுவது இங்கேதான்.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு கேபிள் டை போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி பின்பக்கம் ஒருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் டையைக் கட்டி, குழாய் உள்ளே போகும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை (டஸ்ட் சீல்) ஒட்டிக் கீழே தள்ளுங்கள். தள்ளினால் நகர வேண்டும், தானாக வழுக்கக் கூடாது. பிறகு தினமும் போகும் வழியில் ஒரு சுற்று. அல்சூரிலிருந்து ஓசூர் ரோடு வரை போய்வந்தால் எல்லா ரகக் குழியும் கிடைத்துவிடும். திரும்பி வந்து, மறுபடி சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சீலுக்கும் டைக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இந்த வண்டிகளில் ஃபோர்க்கின் மொத்த ஓட்டம் 120, 130 மி.மீ. அளவில் இருக்கும். கை வலிக்க வலிக்க ஓட்டியும் டை 70 மி.மீ.யைத் தாண்டவில்லை என்றால் ஃபோர்க் அசையவில்லை. கடைசி 10 மி.மீ. வரை ஏறியிருந்தால் அடியில் இடிக்கிறது.

காசில்லாத வேலைகளை முதலில் முடித்துவிடலாம். இந்த ரக வண்டிகளில் முன்சக்கரத்துக்குக் கம்பெனி சொல்லும் காற்று பெரும்பாலும் 25 பிஎஸ்ஐயை ஒட்டித்தான். பங்கில் காற்றடிக்கும் பையன் கேட்காமலே 32, 35 ஏற்றிவிடுவான். டயர் சூடாகாத காலை நேரத்தில் பார்த்து, ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போக ஆசைப்பட வேண்டாம், குழியில் ரிம் அடி வாங்கும்.

அடுத்தது சக்கரத்தின் அச்சு (ஆக்ஸில்). பஞ்சர் கடையில் முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது இரண்டு ஃபோர்க் காலும் ஒன்றுக்கொன்று லேசாக இழுபட்டபடியே இறுக்கிவிடுவார்கள். கால்கள் இணையாக இல்லாவிட்டால் குழாய் உள்ளே உரசும், சின்ன மேடுகளுக்கு ஃபோர்க் நகரவே நகராது. ஆக்ஸில் நட்டை இறுக்கியபின், கீழே பக்கவாட்டில் அச்சைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நாலைந்து முறை நன்றாக அமுக்கி விடுங்கள். கால் தன் இடத்தில் வந்து உட்காரும். பிறகு போல்ட்டை இறுக்கலாம். அசைய மறுக்கும் வகைக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. சக்கரத்தைத் தூக்கிய நிலையில் ஹேண்டிலையும் இரண்டு பக்கம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வந்து சிக்குகிற மாதிரி இருந்தால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் தேய்ந்துவிட்டது. அதன் 'கடக்' சத்தத்தை ஷாக்கின் தலையில் போட்டு ஆயில் மாற்றுகிறவர்கள் உண்டு.

இனி ஆயில். பட்ஜெட்டுக்குள் உண்மையான மாற்றம் தருவது இதுதான். ஃபோர்க்கின் வேலையைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். உள்ளே இருக்கும் டேம்பர் ராட் என்ற துளையிட்ட குழலின் துளைகள் வழியாக ஆயில் பிதுங்கிப் போவதுதான் தடை. துளையின் அளவு மாறாது. அதனால் ஃபோர்க் நகரும் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இறங்கி மூக்கு குத்துகிற அதே ஃபோர்க், கூர்மையான மேட்டில் கல்லாவது இதனால்தான். இந்திய சாலைக் காங்கிரசின் விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வட்ட மேடு, 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டியது. நம் குறுக்குச் சந்துகளில் இருப்பதோ தார் கொட்டிய வரப்பு. சக்கரம் சட்டென்று ஏறுகிறது, தடையும் எகிறுகிறது. (வரப்பின் மேல் ஏறும் வரை பிரேக்கைப் பிடித்திருந்தால் ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கிப்போய், மீதி ஓட்டமும் குறைவு. சக்கரம் தொடும் முன் விட்டுவிடுங்கள்.)

ஆகவே ஆயில் கெட்டியாக இருந்தால் கை வலிக்கும். அப்படியிருக்க, ரோட்டோர மெக்கானிக் பலர் ஃபோர்க்கில் ஊற்றுவது இன்ஜின் ஆயில். "சார், 20 டபிள்யூ 40 ஊத்தினா ஷாக் ஸ்ட்ராங்கா நிக்கும்" என்பார்கள். ஸ்ட்ராங்காகத்தான் நிற்கும், ஏனென்றால் ஃபோர்க்குக்கென்றே வரும் 10 டபிள்யூ ஆயிலைவிட (எண் கூடினால் கெட்டி) அது ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டி. மேம்பாலம் ஏறும் முன் வரிசையாக ஐந்தாறு கோடு போட்டிருப்பார்களே, அதில் இதன் குணம் தெரியும். முதல் இரண்டு கோடு பரவாயில்லை, கடைசிக் கோடு மண்டையைக் குலுக்கும். கெட்டி ஆயிலால் ஃபோர்க் மேலே எழும்ப நேரமில்லாமல், ஒவ்வொரு கோட்டுக்கும் இன்னும் கொஞ்சம் அமுங்கியே நிற்கிறது.

உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் ஃபோர்க் ஆயில் வாங்கி, மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து மாற்றினால் எழுநூறு, எண்ணூறுக்குள் வேலை முடியும். சீல் மாற்றினால் இன்னும் கொஞ்சம். வண்டியின் கையேட்டில் இருக்கும் கிரேடில் (ஆயிலின் கெட்டி எண்) தொடங்குங்கள். அதற்கும் ஃபோர்க் அசையாவிட்டால் ஒரு படி மெல்லியது. ஒரே கம்பெனியிலேயே இருப்பது நல்லது. ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 10 போல இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. மெல்லியதற்கும் விலை உண்டு: பிரேக்கில் மூக்கு கூடுதலாக இறங்கும், மேடு தாண்டியபின் முன்பக்கம் ஆடும். ஹேண்டிலை அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் மெலிந்துவிட்டது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, "அண்ணா, ரெண்டு கால் ஆயிலையும் தனித்தனி பாட்டில்ல புடிங்க" என்று சொல்லுங்கள். ஒன்றில் 180 மில்லி, இன்னொன்றில் 120 என்று வந்தால் சீல் ஒழுகுகிறது என்று பொருள், வாங்கவேண்டிய பொருளும் தெரிந்துவிடும். புது ஆயிலைக் குத்துமதிப்பாக ஊற்றவிடாதீர்கள். மெடிக்கல் கடை சிரிஞ்ச் போதும். ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்ப்ரிங்தான். ஃபோர்க் அமுங்க அமுங்க அது கெட்டிப்படும். உள்விட்டம் 27 மி.மீ. உள்ள குழாயில் 10 மில்லி குறைத்தாலே மட்டம் 17 மி.மீ.க்கு மேல் இறங்கும், ஓட்டத்தின் கடைசிப் பகுதி மிருதுவாகும். அடியில் இடிக்கும் வகைக்கு நேர்மாறாக, கையேடு சொன்ன அளவைவிட ஐந்து பத்து மில்லி கூடுதலாக ஊற்றலாம். அதற்கு மேல் போனால் முதலில் போவது சீல்.

வாஷர் வைத்தியத்துக்கு வருவோம். ஃபோர்க் மூடிக்கு அடியில் வாஷரோ பிவிசி பைப் துண்டோ வைத்து ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது. செலவு பத்து ரூபாய். இதனால் ஸ்ப்ரிங் கடினமாவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் 30, 35 மி.மீ. இறங்கினால் நல்லது; மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் வாஷர் உதவும். ஒல்லியான ஆள் தனியாக ஓட்டும் வண்டியில் போட்டால் இன்னும் குத்தும். மனைவி, பிள்ளை, சிவாஜிநகர் மார்க்கெட் மூட்டை என்று ஓடும் வண்டிக்கு நான் ஆயிலுக்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

ஸ்ப்ரிங்கை மிருதுவாக்க இரண்டு சுற்று வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சுற்று குறைந்தால் ஸ்ப்ரிங் கடினமாகும், உயரமும் போகும். பழைய ஸ்ப்ரிங் தளர்ந்து கையேட்டு நீளத்துக்குக் கீழே போயிருந்தால் கம்பெனி ஸ்ப்ரிங் புதிதாக வாங்கலாம். மற்றபடி ஸ்ப்ரிங் மாற்றம் கனமான ஆட்களுக்குத்தான்.

சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தை) பெரிய பைக்கின் தலைகீழ் ஃபோர்க் மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். கோன் செட், ஆக்ஸில், டிஸ்க் காலிப்பர், ஹேண்டில் உயரம் எல்லாம் கூடவே மாறும். திருப்பத்தில் வண்டியின் குணமும் மாறும். அது எந்த வண்டியிலிருந்து கழன்றது என்று கேட்கவும் முடியாது. விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எனக்கு இது பட்ஜெட் வழியாகவே தெரியவில்லை.

மிஞ்சுவது எமுலேட்டர் வால்வு. அமெரிக்காவின் ரேஸ் டெக், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் போன்றவை செய்கின்றன. டேம்பர் ராடின் துளைகளைப் பெரிதாக்கிவிட்டு, தடையை மேலே உட்காரும் ஸ்ப்ரிங் வால்விடம் ஒப்படைப்பது இதன் முறை. மெதுவாக அமுங்கும்போது மூடியே இருக்கும். கூர்மையான அடி விழுந்தால் திறந்து ஆயிலை விட்டுவிடும். மேலே சொன்ன நான்கு மடங்குக் கோளாறுக்கு நேரான தீர்வு இது ஒன்றுதான், மற்றதெல்லாம் சமாளிப்பு. ஆனால் நம் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு செலவாகும், துளையிட்ட ராடைப் பழையபடி ஆக்க முடியாது, மெல்லிய குழாய் உள்ள கம்யூட்டர் வண்டிகளுக்குச் சரியான அளவு கிடைப்பதும் கஷ்டம். அளவு கிடைக்கும் வண்டியை இன்னும் ஏழெட்டு வருடம் ஓட்டப்போகிறவர் யோசிக்கலாம். விற்கும் எண்ணம் இருப்பவர் புது ஆயில், புது சீல், 25 பிஎஸ்ஐ காற்றோடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் காசில் தேய்ந்த முன் டயரை மாற்றிக்கொள்ளலாம்.