மதுரையில் நான்கு வாரம், கோதுமை படாமல்

டொராண்டோவிலிருந்து கிளம்பும்போது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அரிசி சாப்பிடும் ஊருக்குத்தானே போகிறோம்! என் மகளுக்கு ஒன்பது வயது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் அவளுடைய எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கிவிடும்.

மூன்றாம் நாள் ஒரு ஓட்டலில் இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டாள். ராத்திரி முழுக்க வாந்தி, வயிற்றுவலி. இட்லியில் என்ன இருக்கப்போகிறது என்று குழம்பிப்போய், விடிந்ததும் அம்மாவின் அஞ்சறைப் பெட்டி அருகில் நின்று ஒவ்வொரு டப்பாவாகப் படித்தேன். பெருங்காய டப்பாவில் இருந்தது விடை: மைதா. பெருங்காயப் பிசின் காரம் அதிகம் என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். சாம்பார், ரசம், இட்லிப் பொடி, ஊறுகாய், மோர் என்று அது போகாத இடமில்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும்.

அப்புறம் ஓட்டல்களில் இரண்டு கேள்விதான் கேட்டேன்: என்ன பெருங்காயம், எந்தக் கல். "சாம்பார்ல ஏதுக்கா கோதுமை?" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். பரோட்டா போட்ட கல்லிலேயே தோசை ஊற்றுவதும் வழக்கம். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் மட்டும் மாஸ்டர் முழுக்கதையும் கேட்டுவிட்டு, "பாப்பாவுக்குத் தனிக் கல் வச்சிடலாம்மா" என்றார். தேங்காய்ச் சட்னியும் தாளிக்காமல் தனியாக எடுத்து வைத்தார். நான்கு வாரமும் எங்களுக்கு அதுதான் ஓட்டல். வைகை எக்ஸ்பிரஸில் வரும் சாப்பாட்டில் எதையும் படித்துப் பார்க்க வழியில்லை, வீட்டுத் தயிர்சாதம்தான். பாக்கெட் பண்டங்களில் சிரமம் குறைவு. கோதுமை கலந்திருந்தால் அட்டையில் சொல்லியாக வேண்டும். 'குளூட்டன் இல்லை' என்று போட, கனடாவைப் போலவே கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

வாந்தி எடுத்த மறுநாள் பார்த்த டாக்டர், "நம்ம ஊர்ல இது யாருக்கும் வராதே" என்றார். அது சரியில்லை. 2016இல் வெளியான ஆய்வில், சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தட்டில்தான் வித்தியாசம்: அங்கே நாளைக்கு 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். இப்போது சர்க்கரை வந்த வீட்டிலெல்லாம் ராத்திரி சப்பாத்தி ஆகிவிட்டதே, அதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

பெரியப்பா மகளுக்கு வருஷக்கணக்காக ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை கேட்கவே இல்லை. சீலியாக்கில் சிறுகுடல் பழுதானால் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் இப்படியும் ஆகலாம். என் மகள் கதையைக் கேட்டதும், "அப்ப நானும் கோதுமையை விட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். முன்னாலேயே நிறுத்தினால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம். மதுரையிலேயே ஒரு லேபில் ரத்தம் கொடுத்திருக்கிறாள். முடிவு வரும்வரை சப்பாத்தி தொடர்கிறது.