பாஸ்வேர்ட் மேனேஜரும் விர்ச்சுவல் கார்டும்: பழகப் பழகத் தெரிவது

இணையத்தில் வாங்குவதற்காக, கடவுச்சொற்களைச் சேமித்து நமக்காக நிரப்பும் செயலியான பாஸ்வேர்ட் மேனேஜரைப் போட்டுக்கொண்ட புதிதில் அதன் ஞாபகசக்திதான் பெரிதாகத் தோன்றும். ஒரு வருடம் போனால், அதன் உண்மையான மதிப்பு அது நிரப்ப மறுக்கும் நேரத்தில் இருக்கிறது என்பது விளங்கும்.

எந்த டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, சேமித்தோமோ அந்த டொமைனில்தான் அது கடவுச்சொல்லை நிரப்பும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் நம் கண்ணுக்கு 'எம்' ஆகிவிடும். ஆங்கில எழுத்தைப் போலவே தோன்றும் சிரிலிக் (ரஷ்ய மொழியின்) எழுத்து ஒன்றைச் செருகினால் அதுவும் தெரியாது. மேனேஜருக்குக் கண் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆகவே பெட்டி காலியாக நின்றால் கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டாதீர்கள். பலரும் சறுக்குவது அந்த ஒரு நொடியில்தான்.

உண்மையான கடையிலும் இப்படி நடப்பதுண்டு. லாகின் பக்கத்தை வேறு டொமைனுக்கு மாற்றியிருப்பார்கள். அந்தத் தாவலை மூடிவிட்டு, புக்மார்க் வழியாகக் கடையைத் திறந்து, அங்கிருந்தே லாகினுக்குப் போங்கள். அதே புதிய முகவரி வந்தால் அதையும் சேர்த்துச் சேமிக்கலாம். முகவரியைப் படிக்கும்போது முதல் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கி இடப்பக்கமாகப் போங்கள். கடையின் பெயர் அங்கே, டாட் காம் போன்ற முடிவை ஒட்டி நிற்க வேண்டும். முன்னால் எங்கோ கடைப்பெயர், கடைசியில் வேறு பெயர் என்றால் தளம் அந்த வேறு பெயர்க்காரருடையது. பூட்டுப் படத்தை நம்பிய காலம் போயிற்று. அந்தப் பூட்டைக் காட்டவைக்கும் சான்றிதழ் போலித் தளத்துக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. குரோம் 2023இல் முகவரிப் பட்டையிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

மேனேஜர் கைவிடும் இடமும் உண்டு. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தின் கட்டணப் பக்கத்தில் திருடர்கள் சில வரி நிரலைப் புகுத்தி, வாடிக்கையாளர்கள் தட்டிய கார்டு விவரங்களை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். டொமைன் சரி, பூட்டும் சரி. பணம் கட்டிய பிறகு சிவிவி எண்ணைக் கடைகள் வைத்திருக்கக் கூடாது என்று கார்டுத் துறை விதி சொல்கிறது. தட்டும்போதே களவு போனால் அந்த விதி என்ன செய்யும்?

விர்ச்சுவல் கார்டு, அதாவது உண்மையான கார்டு எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் மாற்று எண், உதவுவது இங்கேதான். கடைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு. ஆனால் நாள்பட்ட பயன்பாட்டில் இது தரும் தொல்லையும் கொஞ்சமல்ல. வரம்பைப் பில் தொகைக்கு அப்படியே வைத்தால், நாணய மாற்று விகிதம் சற்று நகர்ந்தாலே பணம் மறுக்கப்படும். 5 முதல் 10 சதவீதம் கூட்டி வையுங்கள். ஒருமுறை மட்டும் செல்லும் எண் இன்னும் மோசம். பொருள்களை இரண்டு பார்சலாக அனுப்பி இரண்டு முறை பணம் எடுக்கும் கடையில் இரண்டாவது முறை தோற்கும். பெரிய கொள்முதலுக்கு அதைத் தொடாமலிருப்பது நல்லது.

அதிகம் இழுத்தடிப்பது ரீஃபண்ட். பணம் பழைய எண்ணுக்கே திரும்பும். பொருளைத் திருப்பித் தரும் கெடு முடியும்வரை எண்ணை அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள். முடக்கிய எண்ணுக்கு வரும் ரீஃபண்டை கார்டு தரும் நிறுவனம் ஏற்குமா என்பதை முன்கூட்டியே விதிகளில் பாருங்கள். சந்தாவுக்கும் ஒரு சொல்: கார்டை முடக்கினால் சந்தா ரத்தாகிவிடாது. கடையின் கணக்கில் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாக்கி என்று கடிதம் வரும்.

லாகினில் கடவுச்சொல்லோடு சேர்த்துக் கேட்கப்படும், போன் செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண் நல்ல காவல்தான். ஆனால் போலித் தளம் அதை வாங்கி, அந்த 30 நொடிக்குள்ளேயே உண்மையான தளத்தில் போட்டுவிட முடியும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகை அல்லது போன் பூட்டைக் கொண்டு உள்ளே விடும் பாஸ்கீயில் அது நடக்காது. மேனேஜரைப் போலவே அதுவும் டொமைனோடு கட்டப்பட்டது. கடை பாஸ்கீ தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் மின்னஞ்சல் கணக்குக்குப் போடுங்கள்: அது கையில் கிடைத்தவர் எல்லாக் கடைகளின் கடவுச்சொல்லையும் மாற்றிக்கொள்வார். போன் கையில் இல்லாதபோது கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், போனை மாற்றும் நாளில் தேடாதீர்கள்.

வங்கி அனுப்பும் ஓடிபி செய்தியில் தொகையும் கடைப்பெயரும் இருந்தால் எண்ணுக்கு முன் அவற்றைப் படியுங்கள்.