வடலூர் அடுப்பும் அர்ஜுனன் வில்லும்

அநியாயத்தைக் கண்டால் என்ன செய்வது? கடலூர்க்காரர்களுக்கு இரண்டு பதில்கள் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன.

ஒன்று வடலூர். 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவரிடம் சாதி, சமயம் கேட்காதே, சோறு போடு. ஜீவகாருண்யம்தான் கடமை. கொல்லாமையில் அவர் துளியும் இறங்கிவரவில்லை.

இன்னொன்று கீதை. 1910-இல் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர், சில ஆண்டுகளில் அதற்கு நீண்ட விளக்கம் எழுதினார். எதிரே பாட்டனும் ஆசானும் நிற்கிறார்களே என்று அர்ஜுனன் வில்லைப் போட்டுவிட்டு உட்காருகிறான். கண்ணன் அதை இரக்கம் என்று மெச்சவில்லை. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை, எழுந்திரு என்கிறான். இதைச் சண்டைக்கான அழைப்பாக மட்டும் படிப்பவர்கள் பாதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பகையில்லாமல், ஆதாயம் பார்க்காமல் எதிர்த்து நிற்பதுதான் கஷ்டமான மீதி. (பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துவந்த அன்று பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நுட்பம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.)

2011 டிசம்பரில் தானே புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் கஞ்சி காய்ச்சினோம். பசிக்கு வடலூர்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிவாரணப் பட்டியலில் குடிசைக்காரர்கள் விடுபட்டபோது கஞ்சியால் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அத்தை நாலு நாள் அலைந்து கேட்டார். அவர் பெயர் பட்டியலில் முதலிலிருந்தே இருந்தது.