மார்புக் கேன்சர் ரேடியேஷனுக்கு அப்புறம் ஒரு திருச்சி பயணம்

பொங்கல் முடிஞ்ச கையோட ஊருக்குப் போயிட்டு வந்தாச்சு, எழுதத்தான் இவ்வளவு நாள் ஆயிடுச்சு. வழக்கமா நம்மாளுங்க ஊர்ப் பயணம்னு எழுதினா எங்க பரோட்டா நல்லாருக்கு, எந்த சிம் வாங்கறது, ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்டார்னுதான் இருக்கும். இது கொஞ்சம் வேற மாதிரி. மார்புக் கேன்சருக்கு உள்ள வெச்சு குடுக்கற ரேடியேஷன், அதாவது பிராக்கிதெரபி, முடிச்சுட்டு உடம்பு தேறிக்கிட்டு இருக்கற ஒருத்தி ஊருக்குப் போனா என்னென்ன கெடைக்கும், எங்கெங்க முட்டிக்கும்னு சொல்றேன்.

நான் இருக்கறது ஹூஸ்டன், பொறந்த வீடு திருச்சி உறையூர். இடது மார்புல சின்னக் கட்டி, லம்பெக்டமி, அதாவது மார்ப விட்டுட்டு கட்டிய மட்டும் எடுக்கற ஆபரேஷன், பண்ணி எடுத்தாங்க, அக்குள் நெணநீர்க் கணுவுல ஒண்ணும் பரவல, வயசும் அம்பது தாண்டியாச்சு, அதனால வாரக்கணக்குல வெளில இருந்து மார்பு முழுக்க ரேடியேஷன் வேணாம், கட்டி இருந்த எடத்துக்கு மட்டும் உள்ள இருந்து குடுத்தா போதும்னுட்டாங்க. கட்டிய எடுத்த குழிக்குள்ள ஒரு கருவிய வெச்சுடுவாங்க, அதோட குழாய் நுனியெல்லாம் வெளிய தொங்கும். காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை, நடுவுல கொறஞ்சது ஆறு மணி நேரம் இடைவெளி, அஞ்சு நாள்ல பத்து டோஸ், மொத்தம் 34 கிரே (கிரேங்கறது ரேடியேஷனோட அளவு). ஒரு ஒயர் நுனியில அரிசி மணி அளவு இரிடியம்-192ங்கற கதிர்ப்பொருள், மெஷின்ல இருந்து கெளம்பி அந்தக் குழாய் வழியா உள்ள போயி சில நிமிஷம் நின்னுட்டு திரும்ப மெஷினுக்கே போயிடும். அஞ்சாவது நாள் கருவிய உருவி எடுத்து ஒரு பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ட்ரீட்மென்ட் அவ்வளவுதான். ஆனா அதுக்கப்புறம் வர்ற அசதி இருக்கே, சாதம் வடிச்சுட்டு வந்து உக்காந்தா எந்திரிக்க முடியாது, மதியம் ரெண்டு மணிக்கு மேல கண்ணு தானா சொக்கும், இது மாசக்கணக்குல இழுக்கும்னு யாரும் எனக்கு அழுத்திச் சொல்லல.

ஃப்ளைட் பத்தி சுருக்கமா. கேன்சர் திரும்ப வராம இருக்க டமாக்ஸிஃபென்னு மாத்திரை 20 மில்லிகிராம் சாப்பிடறேன், அதுக்கு ரத்தம் உறையற ரிஸ்க் கொஞ்சம் உண்டு, ஹூஸ்டன் டு தோஹா பதினஞ்சு மணி நேரம் கிட்ட ஒரே உக்காரல், அதனால டாக்டர் முழங்கால் வரைக்கும் இறுக்கமான சாக்ஸ் போடச் சொல்லி, தண்ணி குடிச்சுக்கிட்டே இரு, எந்திரிச்சு நடன்னு சொல்லிருந்தாங்க. வீல்சேர் முன்னாடியே கேட்டு வெச்சுட்டேன். சென்னைல எறங்கினா வாசல்லயே நம்ம பேர் போட்டு ஒரு பையன் நின்னான், இமிக்ரேஷன்ல தனி வரிசை, பெட்டிய பெல்ட்ல இருந்து அவனே எடுத்தான், எனக்கு இடது கையால கனம் தூக்கக் கூடாதுங்கறதால அதுவே பெரிய உதவி. பக்கத்து வரிசை மாமி ஒருத்தங்க “நல்லாத்தானே இருக்கா, இவளுக்கு எதுக்கு வண்டி”னு காதுல விழற மாதிரியே சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும். டிப்ஸ் குடுங்க, குடுக்காம வராதீங்க.

எழும்பூர்ல ரூம் போட்டு படுத்து எந்திரிச்சு மதியம் கெளம்பற திருநெல்வேலி வந்தே பாரத்துல திருச்சி. தங்கச்சி பையன்தான் டிக்கெட் போட்டான், அவன்கிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு, என் இடது பக்கம் ஜன்னலா இருக்கணும். நடைபாதைப் பக்கம் இடது தோள் வந்துச்சுனா பேக்கோட போறவங்க வர்றவங்க எல்லாரும் இடிச்சுட்டுப் போவாங்க, அந்த எடத்துல ஒரு இடி வாங்கினா அன்னிக்குப் பொழுது போச்சு. இருட்டற நேரத்துக்கு ஜங்ஷன் வந்து சேந்தாச்சு.

இப்ப பிசியோ. ஆபரேஷனுக்கு அப்புறம் தோள் இறுகிப் போயிருந்துச்சு, பின்னாடி ஹூக்கு மாட்ட கை போகாது, மேல் அலமாரி டப்பாவ எடுக்க முடியாது. ஹூஸ்டன்ல ஒவ்வொரு விசிட்டுக்கும் இன்சூரன்ஸ் காரங்களோட மல்லுக்கட்டணும். தில்லை நகர் சைடுல ஃபோன் பண்ணினா வீட்டுக்கே வர்றாங்க, ஒரு தடவைக்கு ஐநூறு ரூபா. மொதல்ல வந்தவர் நல்ல மனுஷர்தான், ஆனா வந்ததும் சூடு வைக்கற பேடையும் அல்ட்ராசவுண்ட் மெஷினையும் எடுத்து பிளக் பாயின்ட் எங்கம்மானு கேட்டார். ரேடியேஷன் பட்ட எடத்துல சூடு வைக்கக் கூடாதுங்க, அங்க தோலுக்கு சூட்டு உணர்ச்சி கொறஞ்சிருக்கலாம், வெந்தாலும் தெரியாம போகலாம். முடியவே முடியாதுனுட்டேன். அவருக்கு அதுல வருத்தம் இல்ல, “தோள் வலிக்கு எல்லாருக்கும் இதான் மேடம் வைப்போம்”னார். அடுத்து ஒரு சின்னப் பொண்ணு வந்துச்சு, மெஷின் எதுவும் கொண்டு வரல. செவுத்துப் பக்கம் நிக்க வெச்சு ரெண்டு விரலால மெதுவா மேல ஏறச் சொல்லி, எட்டின எடத்துல பென்சிலால கோடு போட்டு தேதி எழுதும், மறுநாள் அதுக்கு மேல ஒரு கோடு. போன தீபாவளிக்குத்தான் பெயின்ட் அடிச்சதுனு அம்மா பொலம்பினாங்க. கெளம்பற அன்னிக்கு கடைசிக் கோடு ஸ்விட்ச் போர்டையும் தாண்டி காலண்டர் ஆணி கிட்ட இருந்துச்சு. கை வீங்காம இருக்க அக்குள்ல இருந்து எப்படி லேசா தடவி விடணும்னும் அந்தப் பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சு, அழுத்தவே கூடாது, தோல் மட்டும் நகரணும்.

எல்லாத்த விட எனக்குப் பெருசாப் பட்டது தையல்கார அக்கா. இத யாரும் எழுத மாட்டாங்க, அதனால நான் எழுதறேன். நம்ம ஊர் ப்ளவுஸ் இருக்கே, அக்குள்ல இறுக்கி, பக்கவாட்டுல தடிமனா ஒரு தையல் வரும், சரியா அதே எடத்துலதான் எனக்குத் தழும்பும், கருவி வெளிய வந்த ஓட்டை ஆறின முடிச்சும். தோல் வேற அந்த ஒரு வட்டம் மட்டும் கருத்து மொறமொறனு இருக்கும். கல்யாணம் ஒண்ணு இருந்துச்சு, பட்டு கட்டாம போனா அம்மா விடமாட்டாங்க. எங்க தெரு முனையில தைக்கற அக்காகிட்ட போயி, கொஞ்சம் லூசா வேணும், கை எறக்கம் பெருசா வேணும்னு மென்னு முழுங்கினேன். அவங்க டேப்ப கழுத்துல போட்டுக்கிட்டு என் முகத்த ஒரு தடவை பாத்துட்டு, “எந்தப் பக்கம்?”னு மட்டும் கேட்டாங்க. இடதுன்னேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒரு கேள்வி இல்ல. இடது பக்கம் சைடு தையலையே எடுத்துட்டு முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டு, உள்ள பழைய மல் துணில லைனிங் குடுத்து, ஹூக்கெல்லாம் முன்னாடி வெச்சு, அக்குள்ல ஒரு சின்ன முக்கோணத் துண்டு சேத்து கை தூக்க எடம் விட்டுத் தெச்சுக் குடுத்தாங்க. இந்த மாதிரி ஆபரேஷன் ஆனவங்க நாலஞ்சு பேருக்குத் தெச்சிருக்கேன், டாக்டர் கடை ஐட்டத்த விட இது ஒத்தாசையா இருக்கும்னாங்க. அவங்களே சொல்லித்தான் பெரிய கடைவீதில பழைய ஜவுளிக் கடை ஒண்ணுல, கம்பி கிம்பி எதுவும் இல்லாத சுத்தக் காட்டன் பாடி வாங்கினேன், எங்க பாட்டி காலத்து மாடல். அமெரிக்கால ஆபரேஷனுக்கு அப்புறம் போடற ப்ரானு எவ்வளவோ டாலர் குடுத்து வாங்கினது இன்னும் டிராயர்லதான் கெடக்கு.

மருந்துக் கடை: டமாக்ஸிஃபென் ஒரு மாசத்துக்கானது ஒரு சினிமா டிக்கெட் காசு கூட ஆகல, ஆனா சீட்டு கேட்டாங்க, கேக்கணும், அதுதான் சரி. அம்மாவுக்கு பிரஷரும் சுகரும் உண்டு, அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்சாங்களே, அதுல ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க. வந்த எடத்துல எனக்கும் பிரஷர் பாக்கறேன்னாங்க, வலது கைய நீட்டினேன், ஏன்னு கேட்டு, சொன்னதும் “எங்க ஏரியால இன்னொருத்தங்க இருக்காங்க, அவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆபரேஷன், எந்தக் கைல பாக்கறதுன்னு நான் நர்ஸம்மாகிட்ட கேட்டுட்டு வந்துதான் பாப்பேன்”னாங்க. அந்த அக்காவ எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.

சொந்தக்காரங்க கதை வேற. அம்மாவுக்கு இன்னும் கட்டினு மட்டும்தான் தெரியும், மத்தவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுடுச்சு. “அடையாறு போயிருக்கலாமே”னு ஆளாளுக்கு. நம்ம பக்கம் கேன்சர்னாலே அடையாறுதான், 1954-ல முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பிச்சது, அந்த நம்பிக்கைல தப்பு சொல்ல முடியாது. ஆனா பெரியம்மா ஒருத்தங்க கொள்ளுப்பேரன என் மடில இருந்து சட்டுனு தூக்கிட்டாங்க, கரண்டு வெச்ச உடம்பு, புள்ளைக்கு ஆவாதுனு. மனசு சுருக்குனு ஆயிடுச்சு. இது தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்: நான் எடுத்துக்கிட்ட வகையில கதிர்ப்பொருள் மெஷினுக்கே திரும்பிப் போயிடுது, உடம்புல மிச்சம்னு எதுவும் இல்ல, குழந்தைய தாராளமா கொஞ்சலாம். தைராய்டுக்கு கதிர்வீச்சு அயோடின் குடிச்சவங்க, உடம்புக்கு உள்ளயே தங்கற கதிர்ப்பொருள் விதை வெச்சுக்கிட்டவங்க, இவங்களுக்குத்தான் கொஞ்ச நாள் தள்ளி இருக்கணும்னு கட்டுப்பாடு. தங்கச்சி இத பெரியம்மாவுக்கு விலாவாரியா சொன்னா. அவங்க சரி சரினு கேட்டுட்டு, கொழந்தைய மட்டும் குடுக்கல.

இனிமே அந்த ஸ்கேன் கூத்து. நடுவுல ஒரு நாள் தழும்புக்கு உள்ள கெட்டியா உருண்டையா கைக்குத் தட்டுப்பட்டு லேசா வலிச்சுது. பயந்துட்டு ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம், பேர் வேணாம். டோக்கன் போட்ட அரை மணில ஸ்கேன், ஒரு மணில ரிப்போர்ட், இந்த வேகம் ஹூஸ்டன்ல கனவுலயும் நடக்காது. ஆனா அங்க என் ஹிஸ்டரிய யாரும் கேக்கல. ஃபார்ம்ல பிராக்கிதெரபினு எழுதினத பாத்துட்டு ஸ்கேன் பண்ற டாக்டர் “கர்ப்பப்பை வாயா?”னு கேட்டாங்க. அவங்கள சொல்லியும் குத்தமில்ல, நம்ம நாட்டுல பிராக்கிதெரபி பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்குத்தான் குடுக்கறாங்க. மார்புனு சொன்னேன், தலைய ஆட்டினாங்க, கொண்டு போன ஃபைல மட்டும் தொறக்கல. ரிப்போர்ட்ல தடிச்ச சுவர் உள்ள நீர்க்கோர்ப்பு, சீழ்க்கட்டியா, திரும்ப வந்த கட்டியானு ரெண்டுக்கும் பக்கத்துல கேள்விக்குறி, ஊசி போட்டு எடுத்துப் பாக்கவும்னு முடிச்சிருந்தாங்க. அத வாசிச்சுட்டு வீட்டுல யாரும் அன்னிக்கு ராத்திரி சரியா சாப்பிடல, அம்மாவுக்குத் தெரியாம தங்கச்சி பாத்ரூம்ல போயி அழுதா.

மறுநாள் ஒரு ரேடியேஷன் ஆன்காலஜி டாக்டரப் புடிச்சோம். மனுஷன் ரிப்போர்ட்ட தொடவே இல்ல, மொதல்ல ட்ரீட்மென்ட் சம்மரிய குடுங்கனார். எத்தன டோஸ், எத்தன கிரே, எந்தக் கருவி, எந்தத் தேதி, குழி என்ன அளவுனு எல்லாம் அந்த ரெண்டு பக்கத்துல இருக்கும். படிச்சுட்டு, காய்ச்சல் இருக்கா, சிவந்திருக்கா, தொட்டா சுடுதானு கேட்டு, ரெண்டு பக்கமும் தொட்டுப் பாத்து, “இது சீரோமா மா. கட்டி எடுத்த குழில தண்ணி தேங்கி நிக்கும், உள்ள வெச்சு ரேடியேஷன் குடுத்தா இன்னும் அதிக நாள் நிக்கும், மாசக்கணக்குல, ஏன் வருஷம் தாண்டியும் கூட. தொந்தரவு இல்லாத வரைக்கும் ஊசியே குத்தாதீங்க, குத்தினாத்தான் கிருமி உள்ள போகும்”னார். ஹூஸ்டன்ல எடுத்த பழைய ஸ்கேன் படம் என் ஃபோன்லயே இருந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினார், அளவு கொறஞ்சுதான் இருந்துச்சு. ஃபீஸ் எண்ணூறு ரூபா.

அதனால ஊருக்குப் போறவங்க யாரா இருந்தாலும் அந்த ட்ரீட்மென்ட் சம்மரிய பிரின்ட் போட்டு கைப்பையில வெச்சுக்கோங்க, ஸ்கேன் படங்கள ஃபோன்லயும் ஏத்திக்கோங்க. ஆஸ்பத்திரில கேட்டா குடுத்தே ஆகணும், கேக்காம தர மாட்டாங்க. ஸ்கேனுக்குப் போனா ரூம்ல படுக்கறதுக்கு முன்னாடியே அத டாக்டர் கைல குடுத்து, படிங்க, அப்புறம் ஜெல் தடவுங்கனு சொல்லணும். நம்ம ஊர்ல நாம அப்படி சொன்னா திமிர்னு நெனப்பாங்களோனு ஒரு தயக்கம் வரும், வரட்டுமே. உதவிக்கு ஆள் கொட்டிக் கெடக்கு, வேகம் இருக்கு, காசும் கையக் கடிக்கல, ஆனா கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சு நடமாடறவங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சவங்களத் தேடித்தான் புடிக்கணும்.

திரும்பி வர்றப்ப சென்னை ஏர்போர்ட்ல திரைக்குப் பின்னாடி தடவிச் சோதிக்கற பெண் போலீஸ்கிட்ட “லெஃப்ட் சைடு ஆபரேஷன்”னு மட்டும் சொன்னேன், அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியல, ஆனா புரிஞ்சுது, அந்தப் பக்கம் கைய வெறும் காத்துல ஓட்டிட்டு மெஷின மட்டும் காட்டி விட்டுட்டாங்க. லெட்டரெல்லாம் தயாரா வெச்சிருந்தேன், கேக்கல.

அடுத்த மேமோகிராம் ஜூலைல, திருச்சி ஸ்கேன் படத்தையும் இங்க ஃபைல்ல சேத்தாச்சு. தையல்கார அக்காகிட்ட இன்னும் நாலு ப்ளவுஸுக்கு துணி குடுத்துட்டு வந்திருக்கேன், தங்கச்சி பையன் மேல படிக்க டாலஸ் வர்றான், அவன் பெட்டில வருது.