ஈடிஎஸ் கோப்பை எதில் எழுதுவது: நோட்பேட், தனி எடிட்டர், ஸ்கிரிப்ட் — ஓர் ஒப்பீடு

கேன்ஓப்பன் (இயந்திரத்துக்குள் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறை) வலையில், கட்டுப்படுத்தும் மாஸ்டரிலிருந்து ஒரு மோட்டார் டிரைவுக்கு வேக வரம்பை எழுதப் போனால், ஒவ்வொரு முறையும் 06070013 என்ற பிழை எண் திரும்பி வந்தது. தரவு வகை பொருந்தவில்லை, அனுப்பிய நீளம் போதவில்லை என்று அதற்கு அர்த்தம். மாஸ்டர் நிரலை இரண்டு நாள் குடைந்தோம். கடைசியில் பார்த்தால், டிரைவுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரில் அந்த மதிப்பை யாரோ 16 பிட்டிலிருந்து 32 பிட்டாக மாற்றியிருந்தார்கள். கூடவே வந்த, சாதனத்தை மாஸ்டருக்கு விவரிக்கும் ஈடிஎஸ் கோப்பில் மட்டும் பழைய 16 பிட் அப்படியே நின்றுவிட்டது. கோப்பை நம்பி மாஸ்டர் இரண்டு பைட் அனுப்பியது, டிரைவ் நான்கு பைட் கேட்டது.

அன்றிலிருந்து ஈடிஎஸ் எடிட்டர்களில் எது அழகு, எதில் வசதி அதிகம் என்று நான் பார்ப்பதில்லை. கோப்பும் ஃபர்ம்வேரும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் எது காப்பாற்றும் என்றுதான் பார்க்கிறேன். இந்த ஒப்பீடும் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

கேன்ஓப்பன் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. கேன்ஓப்பன் சாதனம் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆப்ஜெக்ட் டிக்‌ஷனரி இருக்கும். சாதனத்தின் எல்லா அமைப்புகளும் அளவீடுகளும் அதில் இண்டெக்ஸ், சப்-இண்டெக்ஸ் என்று எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். அந்த டிக்‌ஷனரியைக் காகிதத்தில் வரைந்து காட்டுவதுபோலத்தான் ஈடிஎஸ் கோப்பு, அதாவது மின்னணுத் தரவுத்தாள். கேன் இன் ஆட்டோமேஷன் அமைப்பின் 306-ஆம் எண் ஆவணம் இதன் இலக்கணத்தை வகுக்கிறது. பழைய விண்டோஸ் ஐஎன்ஐ கோப்பு மாதிரி, சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பு, கீழே பெயரும் மதிப்பும் என்று வெறும் எழுத்தாகவே இருக்கும். இதையே எக்ஸ்எம்எல் வடிவில் எழுதினால் எக்ஸ்டிடி. அது 311-ஆம் ஆவணம்.

எல்லாக் கருவிகளையும் ஒரே வேலையை வைத்து ஒப்பிடுகிறேன். இண்டெக்ஸ் 2005-இல் ஒரு புதிய வரிசையை (array) சேர்க்க வேண்டும். அதில் இரண்டு மதிப்புகள்: எச்சரிக்கை தரும் வெப்பநிலை, மோட்டாரை நிறுத்தும் வெப்பநிலை. (2000-இலிருந்து தொடங்குவது உற்பத்தியாளரின் சொந்தப் பகுதி. 1000-இல் தொடங்கும் பகுதி தகவல்தொடர்புக்கு, 6000-இல் தொடங்குவது டிரைவ் போன்ற பொது வகைகளுக்கு. இந்த இண்டெக்ஸ் எண்கள் எல்லாமே ஹெக்ஸ், அதாவது பதினாறை அடியாகக் கொண்டவை.)

சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர்

எளிது என்றுதான் தோன்றும். பக்கத்தில் இருக்கும் ஒரு பதிவை நகலெடுத்து ஒட்டி, எண்ணை மாற்றினால் போதாதா? போதாது. 2005 என்று ஒரு தலைப்பு, சப் 0, சப் 1, சப் 2 என்று மூன்று தலைப்புகள், ஆக நான்கு தொகுதி எழுத வேண்டும். பொருள் வகை 8, அதாவது வரிசை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். தாய்த் தலைப்பின் கீழ் சப் எண்ணிக்கை 3 என்று எழுத வேண்டும், ஏனென்றால் சப் 0-உம் கணக்கில் சேரும். ஆனால் சப் 0-க்குள் இருக்கும் மதிப்பு 2, ஏனென்றால் அது கடைசி சப்-இண்டெக்ஸின் எண். இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, ஏன் கோப்பு ஏறவில்லை என்று விழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. உற்பத்தியாளர் பொருட்களின் பட்டியல் மேலே தனியாக இருக்கிறது. அதில் மொத்த எண்ணிக்கையை ஒன்று கூட்டி, புதிய வரிசை எண் போட்டு 2005-ஐச் சேர்க்க வேண்டும். நடுவில் இருக்கும் ஒன்றை நீக்கினால், அதற்குக் கீழே உள்ள எல்லா வரிசை எண்களையும் திருத்த வேண்டும். இருபது பொருள் இருந்தால் பரவாயில்லை. முந்நூறு இருந்தால் கண் பூத்துவிடும்.

அப்புறம் கண்ணுக்கே தெரியாத ஒரு சங்கடம். சில எடிட்டர்கள் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது முதல் எழுத்துக்கு முன்னால் மூன்று பைட் குறி ஒன்றைச் சேர்த்துவிடும். திரையில் எதுவும் மாறியிருக்காது. ஆனால் ஐஎன்ஐ வாசிக்கும் நிரல் முதல் தலைப்பையே கண்டுகொள்ளாமல் திணறும். வெப்பநிலை என்பதால் பெயரில் டிகிரி குறியைப் போட ஆசை வரும், போடாதீர்கள். இந்தக் கோப்பு ஆஸ்கி எழுத்துகளுக்கு மட்டுமே உரியது.

இவ்வளவு இருந்தும் டெக்ஸ்ட் எடிட்டரை நான் கைவிடவில்லை. எழுதுவதற்கு அது ஆகாது, ஆனால் படிப்பதற்கு அதுபோல எதுவும் இல்லை. கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காக்கும் கிட்டில் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என்ன மாறியது என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தனி ஈடிஎஸ் எடிட்டர்

வெக்டரின் கேன்ஈடிஎஸ், எம்பெடட் சிஸ்டம்ஸ் அகாடமியின் கேன்ஓப்பன் ஆர்க்கிடெக்ட் போன்றவை இந்த வகை. 2005-ஐச் சேர்க்கச் சொன்னால் எந்த வகை, எத்தனை சப், எந்தத் தரவு வகை என்று கேட்கும். எண்ணிக்கை, பட்டியல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். நோட்பேடில் இருபது நிமிடம் எடுத்த வேலை இதில் இரண்டு நிமிடம். விதிமுறைக்குப் பொருந்துகிறதா என்ற சரிபார்ப்பும் உண்டு. எடிட்டர் எதுவானாலும், கேன் இன் ஆட்டோமேஷன் தரும் கேன்செக்ஈடிஎஸ் என்ற தனிச் சரிபார்ப்புக் கருவியில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சரிபார்ப்பு கோப்பின் இலக்கணத்தை மட்டுமே பார்க்கும். என் 16 பிட் கோப்பு எந்தப் பிழையும் இல்லாமல் இதில் தேறியிருக்கும், ஏனென்றால் கோப்பில் தவறே இல்லை. அது வேறொரு ஃபர்ம்வேரைப் பற்றிச் சரியாகப் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு குறை கிட் பயன்படுத்துபவர்களுக்கு. ஒரு வரியைத் திருத்திச் சேமித்தாலும் இத்தகைய கருவிகள் பல நேரம் கோப்பு முழுவதையும் தன் பாணியில் மறுபடி எழுதிவிடும். மாற்றிய தேதி, பதிவுகளின் வரிசை, ஹெக்ஸ் எழுதும் விதம் எல்லாம் நகரும். உண்மையில் மாறியது ஒரு வரி, கிட் காட்டுவது நானூறு வரி. ஒரு குழுவில் எல்லோரும் ஒரே எடிட்டரைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

தேதியைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன்: ஈடிஎஸ்ஸில் மாதம் முதலில், நாள் அடுத்து. 05-08-2024 என்றால் மே 8. கையால் எழுதுபவர்கள் இதைத் தலைகீழாக எழுதுவது சகஜம்.

கேன்ஓப்பன்எடிட்டர்

என் ஓட்டு இதற்குத்தான், ஃபர்ம்வேரையும் நீங்களே எழுதுகிறீர்கள் என்றால். லிப்ஈடிஎஸ்ஷார்ப் என்ற திறமூலத் திட்டத்திலிருந்து கிளைத்தது. கேன்ஓப்பன்நோட் என்ற திறமூல ஸ்டாக்கோடு (சாதனத்துக்குள் கேன்ஓப்பன் பேசும் நிரல் தொகுப்போடு) கைகோத்து வேலை செய்யும்.

2005-ஐ இதில் சேர்த்தால், அதே இடத்திலிருந்து ஈடிஎஸ் கோப்பும் வரும், ஃபர்ம்வேருக்கான சி மொழிக் கோப்புகளும் வரும், ஆவணமும் வரும். வெப்பநிலையை 16 பிட் என்று இங்கே சொன்னால் சி நிரலிலும் 16 பிட், ஈடிஎஸ்ஸிலும் 16 பிட். நாளை 32 ஆக்கினால் இரண்டும் சேர்ந்தே மாறும். எனக்கு இரண்டு நாளைத் தின்ற அந்தப் பிழைக்கு இங்கே இடமே இல்லை. இதுதான் இதன் பெரிய பலம். (கேன்ஓப்பன் ஆர்க்கிடெக்டும் சி நிரல் தரும், தன் நிறுவனத்தின் ஸ்டாக்குக்கு.)

பிடிஓ, அதாவது சாதனங்கள் ஓடும்போது மதிப்புகளைப் பரிமாறும் செய்தி, அமைப்பதிலும் இது கைகொடுக்கும். ஒரு பிடிஓவில் 8 பைட், அதாவது 64 பிட்தான் அடங்கும். 1600-இன் சப் 1-இல் 60400010 என்று எழுதினால், 6040 இண்டெக்ஸ், 00 சப், 10 ஹெக்ஸ் அதாவது 16 பிட் என்று பிரித்துப் படிக்க வேண்டும். கையால் எழுதும்போது கடைசி இரண்டு இலக்கத்தில் 16 என்று போட்டுவிட்டால் 22 பிட் ஆகிவிடும். இந்த எடிட்டர் 64 பிட்டையும் கட்டங்களாக வரைந்து, எது எத்தனை கட்டத்தைப் பிடிக்கிறது என்று காட்டுகிறது.

கவனிக்க வேண்டியதும் உண்டு. இதில் மூலக் கோப்பு எக்ஸ்டிடி; ஈடிஎஸ் அதிலிருந்து பிறப்பது. எந்த மதிப்பை நிலையான நினைவகத்தில் சேமிப்பது என்பது போன்ற ஸ்டாக்குக்கே உரிய விவரங்களுக்கு ஈடிஎஸ் இலக்கணத்தில் இடம் கிடையாது. ஈடிஎஸ்ஸை மட்டும் பத்திரப்படுத்தி எக்ஸ்டிடியைத் தொலைத்தால், அந்த விவரங்கள் முழுதாகத் திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதேபோல, வெளிவந்த ஈடிஎஸ்ஸில் யாரும் கைவைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த ஏற்றுமதியில் அந்தத் திருத்தம் காணாமல் போகும். கட்டளை வரியில் ஓடும் ஒரு மாற்றியும் இதனோடு உண்டு. பில்ட் நடக்கும்போதே எக்ஸ்டிடியிலிருந்து எல்லாவற்றையும் உருவாக்கச் சொல்லிவிட்டால், கைவைக்க வேண்டிய தேவையே இராது.

வேறு ஸ்டாக் பயன்படுத்துபவர்களுக்கு இதன் அருமை பாதியாகிவிடும். அப்போது இது இன்னொரு ஈடிஎஸ் எடிட்டர் மட்டுமே.

ஸ்கிரிப்ட்

ஒரே சாதனத்தின் பன்னிரண்டு வகைகளுக்குக் கோப்பு தர வேண்டும் என்றால் எந்த எடிட்டரும் சலிப்புதான். பைத்தானின் கேன்ஓப்பன் நூலகம் ஈடிஎஸ்ஸைப் படிக்கும், திரும்ப எழுதவும் செய்யும். ஒரு அட்டவணையை வைத்துப் பன்னிரண்டையும் உருவாக்கிவிடலாம். இரண்டு வகைகளுக்காக இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இயந்திரத்தில் பொருத்துபவர்களுக்கு வேறு கணக்கு

சாதனத்தை வாங்கிப் பொருத்துபவர் ஈடிஎஸ்ஸைத் திருத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு வேண்டியது டிசிஎஃப்: அதே கோப்பு, கூடவே இந்த இடத்தில் இந்தச் சாதனத்துக்குக் கொடுக்கும் நோட் எண் (வலையில் அதன் முகவரி), தொடர்பு வேகம், மதிப்புகள். இதைக் கையால் எழுதினால் ஒரு விசித்திரமான பொறி காத்திருக்கிறது. டிசிஎஃப்பில் கமிஷனிங் என்ற தலைப்பை ஆங்கிலத்தில் இரண்டு எம் போட வேண்டிய இடத்தில் ஒரே எம் போட்டுத்தான் விதிமுறையே எழுதியிருக்கிறது. எழுத்துப்பிழை என்று நினைத்து நல்லெண்ணத்தோடு திருத்தினால், படிக்கும் கருவி அந்தத் தலைப்பைத் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்று, ஒவ்வொரு பிடிஓ செய்தியையும் அடையாளம் காட்டும் தொடர்பு எண்கள். 1800-இன் சப் 1-இல் நோட் எண்ணோடு ஹெக்ஸ் 180-ஐக் கூட்டு என்று சூத்திரமாக இருக்கும். தன் மேசையில் நோட் எண் 1 என்பதால் 181 என்று நேரடியாக எழுதி வைத்தார் ஒரு நண்பர். அதே கோப்பு நான்கு டிரைவுகளுக்கும் போனது. நான்கும் ஒரே எண்ணில் பேச ஆரம்பித்தன.

லினக்ஸில் மாஸ்டர் எழுதுபவர்களுக்கு லெலி ஸ்டாக்கின் டிசிஎஃப்ஜென் நல்ல வழி. ஒரு யாம்ல் கோப்பில் எந்தச் சாதனத்துக்கு எந்த ஈடிஎஸ், எந்தெந்த மதிப்பு மட்டும் மாற வேண்டும் என்று எழுதினால் போதும். வாங்கிய ஈடிஎஸ் தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

எழுதிய பிறகு

எந்தக் கருவியில் எழுதினாலும், கோப்பைச் சாதனத்தோடு ஒத்துப் பார்க்காமல் நான் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. முறையான இணக்கச் சோதனையில் இது நடக்கும் என்றாலும், அதுவரை காத்திருக்க வேண்டாம். ஈடிஎஸ்ஸில் உள்ள பதிவுகளை ஒவ்வொன்றாகச் சாதனத்திலிருந்து படித்து, வந்த பைட் எண்ணிக்கையைக் கோப்பில் சொன்ன தரவு வகையோடு ஒப்பிடும் சின்ன பைத்தான் நிரல் போதும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பைத்தானின் கேன்ஓப்பன் நூலகத்துக்கு ஈடிஎஸ்ஸைக் கொடுத்துவிட்டுப் படித்தால், சாதனம் நான்கு பைட் அனுப்பினாலும் கோப்பில் இரண்டு என்று இருந்தால் இரண்டாக வெட்டித்தான் தரும். நாம் தேடும் பிழை அங்கேயே மறைந்துவிடும். ஆகவே ஈடிஎஸ் ஏற்றாத வெறும் நோடாக இணைத்துப் படியுங்கள். எழுத மட்டுமே அனுமதி உள்ள பதிவுகளை இப்படிப் படிக்க முடியாது. அவற்றை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதுகாப்பான ஒரு மதிப்பை எழுதிப் பார்த்துவிடுங்கள்.