டொமைன் வாங்க வருகிறவர் சான்றிதழ் கேட்டால் உஷார்

கீவேர்ட் டொமைன், அதாவது மக்கள் கூகுளில் தேடும் சொல்லே பெயராக இருக்கும் இணைய முகவரி, வாங்கி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். போன மாதம் என்னிடம் 79 டாலர், கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபாய், நாசூக்காகக் கறந்துவிட்டார்கள்.

ஊர்ப் பெயரையும் போர்வெல்லையும் சேர்த்த டாட் காம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்வதாக ஒரு மெயில். துபாயில் இருக்கும் முதலீட்டாளருக்காகப் பெயர் தேடும் புரோக்கராம். என்ன விலை என்றார். பேரத்துக்கு இடம் வைத்து 4,000 டாலர் என்றேன். மறுபேச்சே இல்லை, சரி என்றுவிட்டார். நிஜமாக வாங்க வருகிறவர் நாம் சொன்னதில் கால்வாசியில் இருந்துதான் ஆரம்பிப்பார்.

ஒரே ஒரு நிபந்தனை: மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும். இலவச டூல் காட்டும் விலை செல்லாது, மனிதர் பார்த்து மதிப்பிட்டதாக இருக்க வேண்டும், டிரேட்மார்க் சோதனையும் அதில் இருக்க வேண்டும். எங்கே வாங்குவது என்று அவர் நேரடியாகச் சொல்லவில்லை, அங்கேதான் சாமர்த்தியம். "எனக்கும் தெரியாது, இங்கே பேசிக்கொள்கிறார்கள்" என்று ஒரு கேள்வி-பதில் பக்கத்தின் லிங்க்கை அனுப்பினார். அங்கே யாரோ என் நிலைமையை அப்படியே கேள்வியாகக் கேட்டிருக்க, இன்னொருவர் ஒரு சேவையின் பெயரைச் சொல்லி, அதை வைத்துத்தான் தன் டொமைனை விற்றேன் என்று பதில் எழுதியிருந்தார். கேட்டவர், சொன்னவர், புரோக்கர், சான்றிதழ் கொடுப்பவர் எல்லாம் ஒரே ஆள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பணம் கட்டியதும் தங்க முத்திரை போட்ட பிடிஎஃப் வந்தது. மதிப்பு 5,200 டாலர். உள்ளே பார்த்தால், போர்வெல்லை எண்ணெய்க் கிணறு என்று நினைத்து, எரிசக்தித் துறையில் நல்ல கிராக்கி என்று எழுதியிருக்கிறார்கள்! நம் ஊரில் ஆறரை அங்குலத்தில் துளை போடுகிற தொழில் ஐயா இது. தேடல் எண்ணிக்கையும் பொதுவாக போர்வெல் என்ற சொல்லுக்கு உள்ளது; ஊர்ப் பெயரோடு சேர்த்து தேடல் எண்ணிக்கை காட்டும் கூகுள் கீவேர்ட் பிளானரில் போட்டால் மாதத்துக்கு 10 முதல் 100 என்றுதான் காட்டுகிறது. ஒப்பீட்டுக்கு 2010-இல் 4.97 கோடி டாலருக்குப் போன கார்இன்சூரன்ஸ் டாட் காம் வேறு. அன்று கைமாறியது வெறும் பெயர் இல்லை, ஓடிக்கொண்டிருந்த ஒரு வியாபாரம். தவிர, கீவேர்ட் அப்படியே பெயரில் இருந்தால் போதும், தேடலில் மேலே வந்துவிடும் என்ற காலமும் போய்விட்டது. 2012 செப்டம்பரில் கூகுள் அதற்கென்றே ஒரு மாற்றம் கொண்டுவந்து, சரக்கில்லாத தளங்களைக் கீழே தள்ளியது.

சான்றிதழை அனுப்பிய பிறகு புரோக்கர் ஆளே காணோம்.

அப்புறம் அந்தச் சேவைத் தளத்தை, டொமைன் எப்போது பதிவானது என்று காட்டும் ஹூயிஸில் போட்டுப் பார்த்தேன். எனக்கு மெயில் வருவதற்குச் சில வாரம் முன்புதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் முகப்பில் "2009 முதல்" என்று கொட்டை எழுத்து. அதன் அறிமுகப் பத்தியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால், வேறு வேறு பெயரில் அதே வாசகத்தோடு இன்னும் இரண்டு தளங்கள் வருகின்றன. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி கார்டு கொடுத்த வங்கியில் கேட்டால், சேவை கிடைத்துவிட்டதே என்கிறார்கள். அதுவும் உண்மைதான், விற்பதாகச் சொன்ன பிடிஎஃப்பைக் கொடுத்துவிட்டார்களே! 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் சொல்லி, சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் பதிந்திருக்கிறேன். இன்னும் பரிசீலனையில் என்றே காட்டுகிறது.

விலை தெரிய வேண்டுமானால், டொமைன் விற்பனை விலைகளைத் தொகுத்து வைத்திருக்கும் நேம்பயோ தளத்தில் இதே மாதிரிப் பெயர்கள் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். அந்தக் கீவேர்டுக்கு யாராவது காசு கொடுத்து விளம்பரம் போடுகிறார்களா என்றும் பாருங்கள். மதிப்பீடு வேண்டும் என்கிறவர் தன் செலவில் செய்துகொள்ளட்டும். பணத்தை எஸ்க்ரோவில், அதாவது டொமைன் கைமாறும் வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாவது ஆளிடம், போடச் சொல்லிப் பாருங்கள், இந்த மாதிரி ஆள் அந்த மெயிலுக்குப் பதிலே போடமாட்டார்.

எனக்கு வந்த மெயிலில், "என் வாடிக்கையாளர் ஏற்கனவே இப்படி ஒரு முறை ஏமாந்திருக்கிறார், அதனால்தான் சான்றிதழ் கேட்கிறார்" என்று ஒரு வரி இருந்தது. உங்களுக்கு வந்ததிலும் அதே வரி இருந்தால், பதில் போடாமல் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.