கொடிமலைக்குக் கட்டமா, முக்கோணமா?

பினாங்குத் தீவின் கொடிமலைக்கு நடந்து ஏறுபவர்களுக்காக ஓர் ஆப் செய்தேன். அடிவாரத்து மூன் கேட் வாயிலில் தொடங்கினால் இன்னும் எவ்வளவு ஏற்றம் பாக்கி என்று அது சொல்ல வேண்டும். காட்டுக்குள் லைன் கிடைக்காது, அதனால் மலையின் உயரம் முழுக்கக் கைப்பேசியிலேயே இருந்தாக வேண்டும். கேள்வி, எந்த வடிவில்?

சம உயரக் கோடுகளை உடனே ஒதுக்கிவிட்டேன். காகிதத்தில் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். முதலில் மனம் போனது முக்கோண வலைமேல், 'டின்' (TIN) என்பார்கள்: உயரம் தெரிந்த புள்ளிகளை இணைத்து நிலத்தை முக்கோணங்களாகப் பிரிப்பது. பாலிக் புலாவ் வயல்வெளிக்கு நாலைந்து பெரிய முக்கோணம், மலை மடிப்புகளுக்குப் பொடிப்பொடியாக நிறைய. இடத்தை மிச்சம் பிடிக்கும் கெட்டிக்கார ஏற்பாடு.

ஆனால் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? தீவு ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 2 பைட் என்று சதுரக் கட்டமாக வைத்தாலும், சுற்றியுள்ள கடலைச் சேர்த்தே ஏறக்குறைய ஒரு எம்பிதான். நிற்கும் இடத்தின் உயரம் வேண்டுமா? ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். வரிசை கிடைத்துவிடும், சுற்றியுள்ள நாலு எண்ணைக் கலந்தால் முடிந்தது. டின்னில் முதலில் எந்த முக்கோணத்துக்குள் நிற்கிறோம் என்று தேட வேண்டும்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என்னைக் கட்டத்துக்கு மாற்றியது பராமரிப்பு. என் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்தது. அதற்குப் பிறகு இந்தத் தீவில் எத்தனை சரிவுகளை வெட்டிவிட்டார்கள்! அப்படி வெட்டிய ஓரிடத்தை, சுமார் 200க்கு 150 மீட்டர், நண்பர் ட்ரோனில் அளந்து கொடுத்தார். முக்கோண வலையில் அந்தத் துண்டை வெட்டி ஒட்டினேன். ஓரப் புள்ளிகள் பொருந்தவில்லை. தையல் விட்ட சட்டைபோல் மலையில் ஒரு கீறல், அதன் வழியே பின்னணி நீலம். சுற்றிலும் மறுபடி முக்கோணம் பிரித்தே இரண்டு இரவு போனது. கட்டத்தில் அதே வேலைக்கு 35 எண்களை அழித்து வேறு 35 எண்களை எழுதினேன். தேத்தாரிக் டீ ஆறுவதற்குள் முடிந்தது.

கட்டத்துக்கும் குறை உண்டு. நுணுக்கத்தை 15 மீட்டராக்கினால் அளவு நாலு மடங்காகும். தடுப்புச் சுவரின் செங்குத்து அதில் சரிவாக மழுங்கிவிடும். சாலை, வடிகால் வடிவமைப்பவர்களுக்கு டின்தான் சரி என்று படுகிறது; நான் அந்த வேலை செய்ததில்லை. அடர்காட்டில் ரேடார் மரத்தின் உயரத்தையும் சேர்த்துச் சொல்வது தரவின் கோளாறு. வடிவத்தை மாற்றி அது தீராது.

தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளும் என் கட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளுக்குள் அடங்கிப்போகின்றன. அங்கே மட்டும் உயரத்தை ஆப் சொல்வதில்லை, படி எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. அதைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.